ஆஷ்கோஷுக்குச் சிறு விமானத்தில் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஆஷ்கோஷ் விமானத் திருவிழா பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1953இல் மில்வாக்கியில் சிறிய அளவில் தொடங்கி, ராக்ஃபோர்டுக்கு இடம் மாறி, 1970 முதல் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷ் நகரின் விட்மன் விமான நிலையத்தில் நிலைகொண்ட அந்த விழாவைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால், சொந்த விமானத்தில் அங்கே போய் இறங்குவதைக் கட்டுரை ஒரு துணிச்சல் காரியமாகக் காட்டியிருந்தது. விமானி உரிமம் எடுத்த தமிழ் இளைஞர்கள் இன்று அமெரிக்காவில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் படித்துவிட்டுக் கிளம்பக்கூடும் என்பதால்தான் இந்தக் கடிதம். அந்தப் பயணத்தில் துணிச்சலுக்கு வேலை இல்லை. நாளிலும் எரிபொருளிலும் எடையிலும் மிச்சம் வைத்துக்கொண்டவர்தான் பத்திரமாகப் போய்ச் சேருகிறார்.

விழா ஜூலை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில்தான் வந்து இறங்கும் கூட்டம் உச்சத்தில் இருக்கும். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று, கூடாரம் கட்டியாயிற்று, நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்ற நெருக்கடிதான் நல்ல விமானிகளையும் தாழ்ந்த மேகத்துக்குள் தள்ளுகிறது. 2010இல் மழையால் புல்தரை சேறாகிப்போய், நிறுத்த இடமின்றி விமானங்கள் பக்கத்து நிலையங்களுக்குத் திருப்பப்பட்டன. 2018இல் அந்த வார இறுதியில் வானிலை கெட்டு, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிந்ததால், பலர் நெடுநேரம் வானில் வட்டமடித்தார்கள். எனவே பயணத்துக்கு இரண்டு நாள் என்று கணக்கு வந்தால் நான்கு நாள் ஒதுக்குங்கள். புதன்கிழமை போய்ச் சேர்ந்தாலும் விழா அங்கேயேதான் இருக்கும். வழியில் விமானத்தைக் கட்டிவிட்டு, வாடகைக் காரில் போவதற்கும் முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். இதை வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்வது எளிது. 1,500 அடி உயரத்தில் மழைத்திரைக்கு முன்னால் முடிவு செய்வது மிகக் கடினம்.

எரிபொருள் கணக்கை ஒரு செஸ்னா 172எஸ் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தை வைத்தே பார்க்கலாம். பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன். மணிக்கு 9 கேலன் குடிக்கும் என்று கொள்வோம். ஆறு மணி நேரம் பறக்கலாம் போலத் தோன்றும். 110 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 110 கடல் மைலில், 400 கடல் மைல் என்பது 3 மணி 38 நிமிடம். ஏராளமாக மிச்சமிருக்கிறது என்று நினைப்போம். எதிர்க்காற்று 20 நாட் வீசினால் அதே தூரம் 4 மணி 27 நிமிடம் ஆகும். 40 கேலன் தீர்ந்து 13 கேலன் மிஞ்சும். ஆஷ்கோஷ் அருகே ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்தால் மிச்சம் 4 கேலன். பகலில் கண்ணால் பார்த்துப் பறப்பவர் கிளம்பும்போதே கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வது 30 நிமிட எரிபொருள், அதாவது இந்த விமானத்துக்கு 4.5 கேலன். அதுவும் இல்லை! தரையில் ஓடவும் மேலே ஏறவும் ஆன செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஆகவே ஒரு தாவலுக்கு, அதாவது இடையில் இறங்காமல் பறக்கும் ஒரு கட்டத்துக்கு, 3 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கடைசித் தாவல் அதைவிடவும் குறுகியதாக இருக்கட்டும். ஆஷ்கோஷுக்கு 100, 150 மைல் முன்பாக ஒரு சிறு நிலையத்தில் இறங்கி, டேங்கை நிரப்பி, கழிப்பறைக்குப் போய்விட்டு, அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் சரி. எரிபொருள் ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நம் விமானத்துக்குரிய 100எல்எல் பெட்ரோல் நீல நிறம். ஜெட் எரிபொருள் தவறிப்போய் உள்ளே சென்றால் எஞ்சின் கிளம்பும், ஓடும், தரையை விட்டு எழுந்த பிறகு நின்றுபோகும். ஊற்றி முடித்ததும் ஒவ்வொரு வடிகால் முனையிலும் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியைக் கையால் திருகிப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

எடையில் ஏமாறுவது வேறு விதம். அதே 172எஸ் விமானத்தின் உச்ச எடை 2,550 பவுண்டு. முழு எரிபொருளே 318 பவுண்டு. இருவர் ஏறிய பிறகும் எடையில் இடம் இருப்பதைப் பார்த்து, கூடாரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் பின்னால் திணிப்பார்கள். பின்பக்கச் சாமான் அறையின் வரம்பு 120 பவுண்டுதான். மொத்த எடையில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வரம்பு மாறாது. பின்பாரம் கூடினால், விமானம் ஸ்டால் ஆகும்போது, அதாவது இறக்கை தூக்குசக்தியை இழக்கும்போது, மூக்கு தானாகக் கீழே இறங்காது, மீட்பது கடினமாகிவிடும். கனமானவற்றைப் பின் இருக்கையில் வைத்து பெல்ட்டாலும் வலையாலும் கட்டுங்கள். ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எடுங்கள். கண் மதிப்பு எப்போதும் குறைவாகவே சொல்லும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் விமானத்தைப் பட்டறையிலிருந்து எடுத்து அப்படியே நெடும்பயணம் போவதுபோல் தவறு வேறில்லை. புதிதாகக் கழற்றி மாட்டிய எதுவும் முதல் சில மணி நேரத்தில்தான் தன் குறையைக் காட்டும்: இறுக்காத எண்ணெய் வடிகட்டி, விட்டுப்போன பாதுகாப்புக் கம்பி, தளர்ந்த தீப்பொறி பிளக். எண்ணெய் மாற்றும் வேலையைப் பத்து நாளுக்கு முன்பே முடித்து, உள்ளூரிலேயே ஐந்து மணி நேரமாவது பறந்து, மூடியைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதே தரத்து எண்ணெய் இரண்டு குவார்ட், புனல், இழுகம்பி, ஒரு சக்கர டியூப், கையடக்க ரேடியோ ஆகியவை உடன் இருக்கட்டும். வெயிலில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே டேப்லெட் சூடேறி அணைந்துபோவது வழக்கம். வரைபடத்தின் காகிதப் பிரதி வேண்டும்.

மேற்கிலிருந்து வருபவர்கள் ராக்கி மலைகளைத் தாண்ட வேண்டும். வெப்பநிலை அந்தந்த உயரத்துக்கென வகுத்த இயல்பு அளவைவிட ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் கூடும்போதும் காற்று சுமார் 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதுபோல் மெலிகிறது. 6,000 அடி உயர நிலையத்தில் 30 டிகிரி வெயில் என்றால், அது இயல்பைவிட 27 டிகிரி அதிகம். விமானம் 9,000 அடிக்கு மேல் இருப்பதாகவே நடந்துகொள்ளும். அங்கே மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, குறைத்துச் சரிசெய்யாமல் முழுதாகத் திறந்து ஓடினால் எஞ்சின் தன் சக்தியைத் தராது. காலையிலேயே மலையைக் கடந்துவிடுங்கள். முகட்டு உயரத்தில் காற்று 25 நாட்டைத் தாண்டினால் அன்று போகாதீர்கள். முகட்டை நேராகக் குத்தாமல் 45 டிகிரி சாய்வாக அணுகினால், இறங்குகாற்று பிடித்தாலும் திரும்பி ஓட வழி இருக்கும். 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு மேல் பறந்தால் விமானிக்கு ஆக்சிஜன் கட்டாயம்.

கிழக்கிலிருந்து வருபவர்களை மிச்சிகன் ஏரி ஆசை காட்டும். கிழக்குக் கரையிலுள்ள லுடிங்டனுக்கும் மேற்குக் கரையிலுள்ள மானிடவாக்குக்கும் இடையே தண்ணீர் 52 கடல் மைல். 172 விமானம் எஞ்சின் நின்றால் 1,000 அடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும். ஏரிக்கு மேல் 9,000 அடியில் பறந்தாலும் இரு கரையிலிருந்தும் 13, 14 மைலுக்குத்தான் கரை எட்டும். நடுவே 25 மைல், சுமார் 14 நிமிடம், எங்கேயும் எட்டாது. ஒற்றை எஞ்சினோடு தெற்கே சுற்றிப் போவதையே நான் சொல்வேன். மிச்சமாகும் நேரம் அந்த 14 நிமிடத்துக்கு ஈடாகாது.

மதியத்துக்கு மேல் சமவெளியில் இடிமேகம் எழும். பலத்த இடிமேகத்திலிருந்து 20 மைலாவது விலகி நில்லுங்கள். திரையில் தெரியும் ரேடார் படத்தை நம்பி இரண்டு மேகங்களுக்கு இடையே நுழையாதீர்கள். படத்தின் வயது சில நிமிடம் என்று திரை காட்டினாலும், உள்ளபடியே அது 15, 20 நிமிடம் பழையதாக இருக்கக்கூடும். அதற்குள் இடைவெளி மூடிவிடும்.

இனி ஆஷ்கோஷ் வருகை. இதற்கென்றே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ ஒவ்வொரு ஆண்டும் தனி நோட்டீஸ் வெளியிடுகிறது. போன ஆண்டுப் பிரதி பயன்படாது. அலைவரிசையும் நடைமுறையும் மாறியிருக்கலாம். அச்செடுத்து, வழிப் பக்கங்களை மட்டும் பிரித்து, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை எளிது. ரிப்பன் என்ற ஊருக்கு மேலே எல்லோரும் ஒற்றை வரிசையாகி, ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஃபிஸ்க் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரம், 90 நாட் வேகம், முன் விமானத்துக்கும் நமக்கும் அரை மைல் இடைவெளி. அவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாதவர்களுக்கு 2,300 அடி, 135 நாட். இத்தனை மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் இந்த வரிசையை ஒரு தண்டவாளம் ஒழுங்குபடுத்துவது எனக்கு இன்றும் வியப்பு. நெரிசல் கூடினால் ரிப்பனுக்கு வெகு முன்பே, மேற்கே உள்ள ஏரிகளின் பக்கமிருந்தே வரிசை தொடங்கும்.

ஃபிஸ்கில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தின் நிறத்தையும் உருவத்தையும் பார்த்துக் கூப்பிடுவார்கள். வாயால் பதில் சொல்லக் கூடாது. இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும், நன்றாக, தரையிலிருந்து தெரியும்படி. தண்டவாளத்தோடு போ, அல்லது ஃபிஸ்க் சாலையோடு கிழக்கே போ என்று எந்த ஓடுபாதைக்கு என்பதைப் பொறுத்துப் பிரித்துவிடுவார்கள். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் வரையப்பட்டிருக்கும். சொன்ன புள்ளியில்தான் சக்கரம் தொட வேண்டும். நீங்கள் பச்சைப் புள்ளியில் இறங்கும்போது உங்களுக்கு முன்னால் வேறொருவர் அதே பாதையில் உருண்டுகொண்டிருப்பார்.

தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். முன்னால் போகிறவர் 75 நாட்டில் ஊர்ந்தால் பின்னால் வருபவர் வளைந்து வளைந்து பறந்து இடைவெளி தேடுவார். அவருக்குப் பின்னால் வருபவர் அவர்மீதே வந்துவிடுவார். வளையக் கூடாது, முந்தவும் கூடாது. இடைவெளி போய்விட்டால் வரிசையை விட்டு விலகி, ரிப்பனுக்குத் திரும்பி, மறுபடி வாலில் சேர வேண்டும். கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிவிட்டோம் என்று இறக்கையைச் செங்குத்தாகச் சாய்ப்பது அதைவிடக் கொடியது. நேராகப் பறக்கையில் 60 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் விடாமல் 45 டிகிரி சாய்வில் திரும்பினால் 71 நாட்டில் ஸ்டால் ஆகும். 60 டிகிரியில் 85. சில நூறு அடி உயரத்தில் அதிலிருந்து மீள இடமே இல்லை. சுற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

விட்மன் கடல் மட்டத்திலிருந்து 808 அடி. ஆகவே வரிசையில் தரையிலிருந்து 1,000 அடியில் பறக்கிறோம். மேகத்துக்கு 500 அடி கீழே இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால் மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 1,500 அடி உயரத்திலாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் ஃபாண்ட் டு லாக், ஆப்பிள்டன் போன்ற பக்கத்து நிலையங்களைப் பாருங்கள், அல்லது கடைசியாக நிரப்பிய இடத்திலேயே இருங்கள்.

இவை எல்லாவற்றையும் வீட்டுப்பக்கத்து நிலையத்திலேயே பழகலாம். முழுச் சுமையோடு, 90 நாட்டில், உயரம் 50 அடி கூடப் பிசகாமல் பத்து மைல் பறந்து பாருங்கள். ஓடுபாதைக் குறிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பத்துக்கு எட்டு முறை அதன்மேல் இறங்க வரும்வரை கிளம்ப வேண்டாம். உடன் வருபவருக்கும் வேலை கொடுங்கள்: வெளியே பார்த்து, விமானம் தெரிந்தால் அது இருக்கும் திசையைக் கடிகார மணியாகச் (நேர் முன்னால் என்றால் 12 மணி) சொல்வது மட்டும்.

இறங்கியவுடன் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எழுதிய அட்டையை முன்கண்ணாடியில் காட்டுங்கள். கொடிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வழிகாட்டுவார்கள். கட்டும் முளைகளை நீங்களே கொண்டுபோக வேண்டும். திருகி இறக்கும் ஒற்றை முளை ஈர மண்ணில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சாய்வாக மூன்று ஆணி அடிக்கும் வகை நின்று பிடிக்கும். இரு இறக்கைக்கும் வாலுக்கும் நைலான் கயிறு. சணல் நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும். சுக்கானையும் இறக்கை மடல்களையும் பூட்டிவிட்டுத்தான் கூடாரம் போட வேண்டும், வானம் தெளிவாக இருந்தாலும். பிறகு முதல் வேலையாக ஃப்ளைட் பிளானை, அதாவது கிளம்பும்முன் பதிவு செய்த பயணத் திட்டத்தை, வந்து சேர்ந்ததாகத் தெரிவித்து மூடிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி நேரம் கழிந்தும் அது மூடப்படாவிட்டால் உங்களைத் தேடும் வேலை தொடங்கிவிடும்.

இந்த விவரங்களைத் தங்கள் வாசகர் பகுதியில் வெளியிட்டால், அடுத்த ஜூலையில் கிளம்ப நினைப்பவர்களுக்கு இப்போதே பழகத் தொடங்க அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தனியார் விமானி ஒருவர்