மாதத்தில் ஒரு நாள், ஓர் அறை, ஓர் இயன்மருத்துவர்: வன்னியின் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒக்ரோபர் மாத மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடைபவனி நல்லபடி நடந்து முடிந்தது. ரீசேட், தொப்பி, பலூன் எல்லாம் இளஞ்சிவப்பு. ஆட்களை ஏற்றி இறக்க பஸ்ஸும் ஒழுங்கு செய்திருந்தீர்கள். முடிவில் எல்லோர் கையிலும் தந்த துண்டுப்பிரசுரத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பெண்கள் எப்படி வாழவேண்டும் என்பது அதன் விடயம். புரோக்கோலி சாப்பிடவேண்டும், ஒலிவ் எண்ணெயில் சமைக்கவேண்டும், வாரம் இருமுறை சால்மன் மீன் எடுக்கவேண்டும், ஜிம்முக்குப் போகவேண்டும், மன அழுத்தத்தைத் தவிர்க்கவேண்டும். ஒட்டுசுட்டானில் புரோக்கோலி எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் ஒரு வரி போட்டிருக்கலாம். வீங்கிய கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் கோரிக்கை உங்களுக்குப் புதிதல்ல. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாதத்தில் ஒரு நாள், ஓர் அறை, சிகிச்சைக்குப் பிறகு கையில் வருகிற நிணநீர் வீக்கம் பார்க்கத் தெரிந்த ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). இதை முன்னரும் எழுத்தில் தந்தோம். ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. எடுத்த கவனத்தை எங்கே வைத்தீர்கள் என்று தெரியாததால் மறுபடி எழுதவேண்டியிருக்கிறது.

சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச்சிகிச்சை எல்லாவற்றுக்கும் தெல்லிப்பளை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் போகவேண்டும் என்பதில் எங்களுக்கு முறைப்பாடில்லை. பெரிய இயந்திரங்கள் ஓரிடத்தில்தான் இருக்கமுடியும். நாங்கள் கேட்பது அதற்குப் பிறகு வருகிற ஐந்து, பத்து வருடங்களுக்கானது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பளைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, கையைக் காட்டிவிட்டு அன்றே திரும்பிவரவேண்டும். அந்தக் கையால்தான் பஸ் கம்பியையும் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

கை ஏன் வீங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பிரசுரம் எழுதியவருக்காகச் சொல்கிறோம். கமக்கட்டில் இருந்த நிணநீர்க் கணுக்களை வழித்து எடுத்தால் கையில் ஊறுகிற நீர் வடிந்துபோகும் பாதை குறைந்துவிடும். அப்படி எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வீக்கம் வரும். அனேகமாக முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வரும், அதற்குப் பிறகும் வரலாம். தொடக்கத்தில் பிடித்தால் அடக்கி வைக்கலாம். தோல் தடித்துக் கல்லுப்போல ஆனபிறகு பழைய கை திரும்பாது.

தொடக்கத்தில் பிடிப்பதற்கு வேண்டியது ஓர் அளவு நாடா. மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே 10 சென்ரிமீற்றர், முழங்கைக்கு மேலே 10 சென்ரிமீற்றர் என்று இரண்டு கைகளிலும் ஒரே இடங்களில் சுற்றளவு எடுத்து கிளினிக் கொப்பியில் எழுதவேண்டும். ஓரிடத்திலாவது 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தால் உடனே காட்டவேண்டும். சத்திரசிகிச்சைக்கு முந்திய அளவு கொப்பியில் இல்லாவிட்டால் பிறகு எடுப்பதை எதோடு ஒப்பிடுவது? பெரும்பாலான கொப்பிகளில் அந்த வரி காலியாகத்தான் கிடக்கிறது. தையல்காரரின் பழைய துணி நாடா இழுபட்டுப் போயிருக்கும், அதுவும் பிழையான கணக்குத் தரும். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவருக்கு இதைப் பழக்க அரை நாள் போதும்.

அடுத்தது, வீக்கத்தை அடக்கக் கையில் இறுக்கமாகப் போடுகிற அழுத்த உறை. கையை அளந்து எடுத்த உறையைப் பகலில் போட்டு இரவில் கழற்றவேண்டும். ஒன்று கையில், ஒன்று கொடியில் என்று இரண்டு வேண்டும். மென்மையான சவர்க்காரத்தில் கையால் கழுவி நிழலில் காயவிடவேண்டும், வெயிலில் போட்டால் இழுவை போய்விடும். எப்படிப் பார்த்தாலும் ஆறு மாதத்தில் இழுவை குறைந்துவிடும், புதியது வாங்கவேண்டும். அளவு பிழைத்த உறை மேல்பக்கம் சுருண்டு கயிறு கட்டியதுபோல இறுக்கும். அப்போது உறைக்கு மேலும் கீழும் வீங்கும், விரல்கள் முதலில் காட்டிக்கொடுக்கும். உறை கிடைக்காத இடத்தில் சாதாரண கிரேப் பண்டேச்சைச் சுற்றிவிடுகிறார்கள். அது வேலை செய்யும்போது நழுவி ஒரு இடத்தில் திரளும், அந்த இடத்தில் கழுத்தை நெரிப்பதுபோல நெரிக்கும். அதைவிடச் சும்மா விடலாம்.

இனி வன்னியில் ஒரு பெண்ணின் கை என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். முறிகண்டியில் கச்சான் வறுக்கிற பெண் ஒரு நாள் முழுக்கச் சூடான மணலைக் கிளறுகிறாள். சட்டி விளிம்பு பட்டாலும் சூடு, மணல் தெறித்தாலும் சூடு. வயலில் களை பிடுங்குகிறவளுக்குப் புல்லின் விளிம்பு கீறும். விறகு, முள்ளுக்கம்பி, நுளம்பு, மீன் செதில். நல்ல கையில் இரண்டு நாளில் ஆறிப்போகிற கீறல் இந்தக் கையில் கிருமிக்கு வாசல். காலையில் சிவந்து சுடும், மத்தியானம் காய்ச்சலும் நடுக்கமும், பின்னேரம் கை முழுக்கத் தணல். அன்றைக்கே நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கவேண்டும். ‘அடுத்த கிளினிக்குக்குக் காட்டுங்கோ’ என்பது இதற்கு மருந்தில்லை. ஒவ்வொரு முறை இப்படி வரும்போதும் மிச்சமிருக்கிற நிணநீர்ப் பாதையும் கெட்டு வீக்கம் ஒரு படி கூடும்.

வேலையை விடு என்று சொல்லமுடியாது, விட்டால் அடுப்பெரியாது. சொல்லக்கூடியது இதுதான்: அகப்பையை மற்றக் கைக்கு மாற்று, முழங்கை வரைக்கும் பருத்திக் கையுறை போடு, இரவில் தேங்காய் எண்ணெய் பூசித் தோல் வெடிக்காமல் பார், கண்ணாடிக் காப்பைக் கழற்று, கீறினால் சவர்க்காரம் போட்டுக் கழுவு, சிவந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வா. பாரமே தூக்கக்கூடாது என்ற பழைய பயமுறுத்தலையும் நிறுத்தவேண்டும். மெல்ல மெல்லக் கூட்டிப் பாரம் தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்று 2009 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் தொடங்கினால் போதும். இதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கத்தான் மாதத்தில் ஒரு நாள், ஓர் அறை, ஓர் இயன்மருத்துவர்.

தோள் பயிற்சியும் அப்படித்தான். சுவரில் விரல்களை ஏறவைத்து ஒவ்வொரு நாளும் தொட்ட இடத்தில் கரிக்கோடு போடச் சொல்வது எந்த வீட்டிலும் நடக்கும். சொல்லாமல் விட்டால் கமக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு கட்டியதுபோல இழுக்கும், கை தலைக்கு மேல் போகாது. கதிர்ச்சிகிச்சை மேசையில் கையைத் தலைக்கு மேலே வைக்கமுடியாவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும்.

பிரசுரம் சொன்ன வாழ்க்கைமுறைக்கும் வருவோம். அதன் அடிப்படை பிழையில்லை, ஊர்தான் பிழைத்துவிட்டது. பல மார்பகப் புற்றுநோய்களை வளர்க்கிற ஈஸ்திரோஜன், மாதவிடாய் நின்றபிறகு பெரும்பாலும் உடம்பின் கொழுப்பில்தான் உண்டாகிறது. அதனால் எடை கூடாமல் பார்ப்பது அழகுக்காக இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பதும் சரி. ஆனால் விடியப்புறம் யானை நிற்கிற ஊரில் ஒருத்தி தனியாக நடக்கமாட்டாள். பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் நடப்பார்கள். குரக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. ஈஸ்திரோஜனைக் குறைத்து, அதனால் எலும்பையும் கரைக்கிற லெற்றசோல் போன்ற குளிசை எடுக்கிறவளுக்குக் குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் முள்ளோடு சாப்பிடுகிற சிறுமீனும் எந்த வெளிநாட்டு மரக்கறிக்கும் குறைந்ததில்லை. குறைக்கவேண்டியது நாளுக்கு ஐந்து தேத்தண்ணிக்கும் போடுகிற சீனியை. சோயாமீற்றைக் கண்டு பயப்படவும் தேவையில்லை, சாப்பாட்டளவில் எடுத்தால் கெடுதி என்று எதுவும் காணப்படவில்லை.

நோய் திரும்பாமல் இருக்க எடுக்கிற தமொக்சிபன் குளிசை 20 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. இதை இடையில் விடுகிறவர்கள் ஏன் விடுகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? தகரக்கூரைக்குக் கீழே இரவில் நெஞ்சிலிருந்து தலைவரை தீப்பிடித்ததுபோல எழும்புகிற சூடு, வியர்வை, நித்திரையின்மை, வறட்சி, அதனால் கணவனோடு வருகிற மனக்கசப்பு. ஆண் வைத்தியரிடம், பத்துப்பேர் வரிசையில் நிற்க, இதை எந்தப் பெண் சொல்வாள்? சொல்லமாட்டாள், குளிசையைத்தான் நிறுத்துவாள். நித்திரையில்லை என்று உளநல கிளினிக்குக்குப் போனால் அங்கே வேறொரு கொப்பி. அங்கே மனச்சோர்வுக்குத் தருகிற ஃபுளூஒக்சற்றின், பரொக்சற்றின் போன்றவை தமொக்சிபனை ஈரலில் வேலைசெய்ய விடாமல் மறிக்கும். அதே வகை மருந்தான வெண்லாபக்சின் அப்படி அதிகம் மறிக்காது, உடற்சூட்டையும் தணிக்கும். இரண்டு கொப்பியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவர் இருந்தால் போதும். தானாக எதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது என்றும் அவரே சொல்லிவிடலாம். மாதவிடாய் நின்றபிறகு இரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ காத்திருக்கக்கூடாது என்பதையும் அங்கேதான் சொல்லவேண்டும்.

எங்கள் பெண்கள் பலருடைய உடம்பில் 2009 போரின் செல் (எறிகணை) துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எம்ஆர்ஐ எழுதுகிறவர் அதைக் கேட்டு எழுதவேண்டும், காந்தம் இரும்புத் துண்டை அசைக்கும். எத்தனை படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது?

படிவம் என்றதும் நினைவு வருகிறது. வன்னிப் பெண்ணுக்கு எந்தத் துன்பம் வந்தாலும் நிரப்ப ஒரு படிவமும், எடுக்க ஒரு குழுப்படமும், கொடுக்க ஒரு தையல் மெசினும் பத்துக் கோழிக்குஞ்சும் எப்போதும் தயாராக இருக்கும். திட்டம் முடிய ‘பயனாளிகள்’ என்று ஒரு தொகை அறிக்கையில் ஏறும். பிறகு பலூனை ஊதுவார்கள். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து தெல்லிப்பளை ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்த்தார்களே, அந்த நடையும் வன்னியைக் கடந்துதான் போனது. அது ஒரு கட்டடமாக நின்றது. நீங்கள் நடத்துகிற நடைகள் ரீசேட்டோடு நின்றுவிடுகின்றன.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

அந்த அறை ஏன் வேண்டும் என்றால், மிச்சத்தைப் பெண்களே செய்துகொள்வார்கள். சிகிச்சை முடித்து மூன்று வருடமான ஒருத்தி புதிதாக வந்தவளுக்குப் பக்கத்தில் இருந்தாலே பாதிப் பயம் போகும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு வட்டத்தில் வேண்டாம், வாய் திறக்கமாட்டார்கள். வெறுமையான பக்கத்துக்கு வைக்கிற பஞ்சு மார்பை அங்கேயே தைக்கலாம். வெறும் பஞ்சு மேலே ஏறி நிற்கும், உள்ளே ஒரு சிறு பையில் தினை போட்டு மற்றப் பக்கத்தின் பாரத்துக்குச் சரிசெய்தால் கீழே தங்கும், கழுத்தும் தோளும் ஒருபக்கம் இழுபடாது. கழுவுவதற்கு முதல் தினையைக் கொட்டவேண்டும், இல்லாவிட்டால் முளைக்கும். பஸ் காசுக்கு ஒரு சீட்டுப் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரியும். வாசலில் ‘புற்றுநோய்’ என்று பலகை மட்டும் போடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு மகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று பாதிப்பேர் வரமாட்டார்கள். சுகவனிதையர் கிளினிக் என்ற பலகை ஏற்கனவே தொங்குகிறது, அதுவே போதும். 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைக்கிற அதே கதவு, நோய் வந்தவளுக்கும் திறக்கட்டும்.

காசில்லை என்பீர்கள். அறை இருக்கிறது, பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. குளிசைக்காக மட்டும் மாதாமாதம் நெடும்பயணம் வேண்டாம், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாற்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து தந்தார், அப்போது முடிந்தது. புதிதாக வேண்டியது இயன்மருத்துவரின் ஒரு நாளும், உறைகளுக்கான ஒரு கொள்வனவு வரியும்தான்.

ஆகவே, தாழ்மையுடன் மறுபடியும்: மாதத்தில் ஒரு நாள், ஓர் அறை, ஓர் இயன்மருத்துவர். நாளைத் தீர்மானிக்கும்போது மூன்று விடயங்களைக் கவனித்தால் நன்று. அரசின் அஸ்வெசும நிவாரணக் காசு எடுக்கிற நாளாக இருக்கவேண்டாம். அரிவுவெட்டு நேரத்தில் பிற்பகலாக இருக்கட்டும். காலையில் வைப்பதானால் பத்து மணிக்கு முன்னர் தொடங்கவேண்டாம், உள்ளூர்களிலிருந்து வருகிற பஸ் அதற்கு முதல் வந்து சேராது. முடிவை எங்களுக்குக் கடிதமாக அனுப்பவேண்டும் என்றில்லை, கிளினிக் அறிவித்தல் பலகையில் திகதியைப் போட்டு ஒட்டிவிட்டால் நாங்கள் வந்துவிடுவோம்.

நன்றியுடன்,
சிகிச்சை முடித்த பெண்களும் அவர்களோடு வேலைசெய்கிறவர்களும்,
வன்னி