இஸ்திரிப் பெட்டியோடு வந்த அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

நண்பர்களே,

லண்டனின் கிட்புரூக் பெண்கள் பள்ளியைப் பற்றிய கண்காட்சி நேற்று மாலை முடிந்தது. பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் இதை எழுதுகிறேன். கண்காட்சிக்கு முன் தண்ணீர் புகுந்து குறிப்புகள் நனைந்த கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வாளியும் துடைப்பமுமாக ஓடி வந்தவர்களே நீங்கள்தானே.

கிட்புரூக் பள்ளியைப் பற்றி மூன்று வருடமாகச் சேர்த்த குறிப்பட்டைகள், மொத்தம் 312, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கைவிட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். 81 வயது. இரண்டு பஸ் மாறி, சக்கரம் வைத்த பையில் இஸ்திரிப் பெட்டியோடு வந்திருந்தார். அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் அவரிடம் பேசியிருந்தேன். 1954இல் பள்ளி திறந்தபோது முதல் வருடத்தில் சேர்ந்தவர் என்பதற்காக.

அதிகம் பேசவில்லை. நீராவியை நிறுத்தினார், சூட்டைக் குறைத்தார், இரண்டு பருத்தித் துண்டுகளுக்கு நடுவில் ஒவ்வொரு அட்டையாக வைத்துத் தேய்த்தார். பென்சிலில் எழுதியதெல்லாம் பிழைத்தது. மைப்பேனாவில் எழுதியது நீலக் கறையாகத் துண்டில் ஏறிக்கொண்டது. முதல் தலைமையாசிரியை மேரி கிரீனின் அட்டை அப்படிப் போயே போய்விட்டது. “அதற்கென்ன, எழுதிக்கொள்” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், இந்த முறை பென்சிலில். இஸ்திரி போடக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பள்ளிதான் என்றார் நடுவில்.

ஒரு அட்டை வந்ததும் கை நின்றது. சுமார் 2000 மாணவிகளுக்கு என்று கட்டிய இந்தப் பள்ளியோடு நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கான எல்தம் ஹில் பெண்கள் கிராமர் பள்ளியையும் சேர்க்க, அன்றைய உள்ளாட்சி மன்றமான லண்டன் கவுண்டி கவுன்சில் திட்டமிட்டது, பெற்றோர் எதிர்த்தார்கள், கல்வி அமைச்சர் ஃபுளோரன்ஸ் ஹார்ஸ்பரா அனுமதி மறுத்தார் என்ற குறிப்பு. நான் அதைக் கொள்கைச் சண்டை என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அந்த அம்மாவுக்கு அது பக்கத்து வீட்டுத் தோழி. பதினோரு வயதுத் தேர்வில் தோழி தேறி எல்தம் ஹில்லுக்குப் போனாள், இவர் தேறாமல் கிட்புரூக்குக்கு வந்தார். காலையில் ஒன்றாகக் கிளம்பி, தெருமுனையில் வேறு வேறு பக்கம் திரும்பியிருக்கிறார்கள். “அமைச்சர் சரி என்றிருந்தால் ஒரே பஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார். தேர்வு, பிரிவு, தேர்வு வைத்துப் பிரிக்காமல் எல்லோரையும் சேர்க்கும் ஒருங்கிணைந்த பள்ளி என்று நான் நான்கு பலகை எழுதியிருந்தேன். அதில் இரண்டை அன்று இரவே மாற்றி எழுதினேன்.

அப்புறம் மற்றவர்கள். தரையை இரண்டு இரவு உலர்த்தியவர்கள், கேட்காமலே பலகைகளை இரவல் தந்தவர், கறையான அட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் தட்டச்சு செய்த பிள்ளைகள், சோறும் பருப்பும் கட்டி அனுப்பிய வீடுகள், எல்லோருக்கும் நன்றி. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது தொலைக்காட்சிச் சமையல்காரர் ஜேமி ஆலிவரைத்தான். பள்ளிச் சாப்பாட்டை மாற்றுகிறேன் என்று அவர் களமிறங்கி, 2005இல் நாடே தொலைக்காட்சியில் பார்த்த சமையலறை இந்தப் பள்ளியுடையது. சரி, அந்தப் படத்துக்காக வந்தவர்களும் மற்றப் பலகைகளைக் கடந்துதானே போக வேண்டியிருந்தது!

என் மகள் சேர்ந்தபோது பள்ளியின் பெயர் கொரெல்லி கல்லூரி. இப்போது வால்நட்சத்திரத்து எட்மண்ட் ஹாலியின் பெயரில் ஹாலி அகாடமி. அந்த அம்மா மட்டும் கிட்புரூக் என்றுதான் சொல்வார். மகள் திருத்தப் போனாள், நான் தடுத்துவிட்டேன்.

அம்மா, உங்கள் நான்கு துண்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. மூன்று முறை துவைத்தும் நீலம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்டு எடுத்து வருகிறேன்.