மரப்பட்டையையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்களேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் கடைத்தொகுதியில் இருந்த மின்கழிவுப் பெட்டியில் பழைய கைப்பேசியையும் இரண்டு சார்ஜரையும் போட்ட என் மகள், "அப்பா, இதெல்லாம் அப்புறம் எங்கே போகும்?" என்று கேட்டாள். மறுசுழற்சிக்குப் போகும்மா என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அப்படி ஓர் இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் தினமும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்யும் கிடங்கு சிங்கப்பூரின் மேற்கே ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. பக்கத்து வளாகத்தில் பழைய கணினி, அச்சு இயந்திரம் எல்லாவற்றையும் உடைத்து அரைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. அரைக்கும் இயந்திரம் ஓடுகிற நாளில் ஒரு மாதிரி சூடான பிளாஸ்டிக் வாடை வரும். ஒருநாள் டிஷ்யூ தாளை நனைத்து அந்த மரத்தின் பட்டையைத் துடைத்துப் பார்த்தேன், தாள் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. சரி, அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் சாலையில் நாள் முழுக்க லாரி ஓடுகிறது, கறுப்பில் பாதி டீசல் புகையாகக்கூட இருக்கலாம். எது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். மரப்பட்டையின் வெளிப்பகுதி உயிரில்லாதது, சொரசொரப்பானது, கொஞ்சம் எண்ணெய்ப்பசையும் உண்டு. கணினி உறைகளில் கலக்கும் புரோமின் தீத்தடுப்பு இரசாயனம், பற்றவைப்பில் இருந்து வரும் ஈயம் போன்றவை காற்றில் வந்து அதில் ஒட்டினால் வருடக்கணக்கில் தங்கிவிடும். சீனாவில் மின்கழிவைப் பிரித்தெடுத்த தாய்சோ பகுதியில் மரப்பட்டையைச் சோதித்தே இந்த இரசாயனங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் 2013ல் மரங்களில் படர்ந்த பாசியை 346 இடங்களில் சேகரித்துப் பார்த்தபோது, காட்மியம் என்ற நச்சு உலோகம் வண்ணக்கண்ணாடித் தொழிற்கூடங்களைச் சுற்றிக் குவிந்திருந்தது தெரிந்தது. அதுவரை அவற்றை யாரும் பெரிதாகச் சந்தேகப்படவே இல்லை!

இங்கே யாரும் தெருவில் ஒயரைக் கொளுத்துவதில்லை, தாய்சோவோடு ஒப்பிடுவது நியாயமும் இல்லை. ஆனாலும் சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலையில் தயாரிப்பாளர்களையே பொறுப்பாக்கும் திட்டம் வந்த பிறகு முறையாகச் சேகரிப்பதும் நடக்கிறது, நல்லதுதான். சேகரித்ததை எங்கேயோ உடைத்துத்தானே ஆக வேண்டும்?

குளிர்நாடுகளில் மரத்தின் ஆண்டு வளையத்தைப் பார்த்து எந்த வருடம் எவ்வளவு மாசு என்று சொல்ல முயல்கிறார்கள். வருடம் முழுக்க வெயிலும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் பெரும்பாலான மரங்களுக்கு வளையமே தெளிவாக விழாது, அதனால் நமக்குப் பட்டையும் இலையும்தான் சரிப்படும். தேசியப் பூங்காக் கழகம் ஏற்கெனவே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை இணைய வரைபடத்தில் போட்டு வைத்திருக்கிறது, எந்த மரம், எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதிலிருந்து ஒரே வகை மரமாக, மறுசுழற்சி வளாகத்தின் வேலியோரம் சில, அரை கிலோமீட்டர் தள்ளிச் சில, ஒப்பிட்டுப் பார்க்க மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் சில என்று எடுத்து, வருடத்துக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் கொஞ்சம் பட்டையைச் சுரண்டினால் போதும், மரத்துக்கும் பெரிய காயம் இல்லை.

காற்றை அளக்கும் கருவிக்குப் பதில் மரம் என்று நான் சொல்லவில்லை. இன்று காலை பத்து மணிக்கு என்ன வந்தது என்று மரம் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு வேலிக்கும் ஒரு கருவி வைக்க முடியுமா? மரம் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருக்கிறது. தேசிய சுற்றுப்புற வாரியமும் பூங்காக் கழகமும் சேர்ந்து ஓரிரு தொழிற்பேட்டைகளில் இதைச் சோதனை முறையில் செய்து பார்த்து, முடிவை அங்கே வேலை செய்கிற எங்களுக்கும் தெரியும்படி வெளியிடலாமே. எங்கள் தூங்குமூஞ்சி மரத்திலிருந்தே ஆரம்பித்தாலும் சரி.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் வாசகர்