மடித்து வைக்காதே

அன்புள்ள அம்முவுக்கு,

போர்வை முடிந்துவிட்டது. நேற்று ராத்திரி ஓரப்பட்டியின் கடைசித் தையலைப் போட்டு, முடிச்சைத் துணிக்குள் இழுத்து மறைத்துவிட்டேன். இன்று ஒரு முறை அலசிக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் பார்சல் கட்டிவிடுவேன். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் பாதியில் பாப்பா சிணுங்கும், நீ ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வரிசைக்கு 6 சதுரம், மொத்தம் 36. ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலத்துக்கு வெட்டினேன். அங்குலத்துக்கு எட்டு நூல் கணக்கு; சுற்றிலும் இரண்டிரண்டு நூல் தையலுக்குப் போனால் சதுரம் சரியாக ஆறு அங்குலத்தில் நிற்கும். முதல் வரிசையில் அசந்துவிட்டேன், மூன்று நூல் விட்டுத் தைத்திருக்கிறேன். ஒரு நூல்தானே என்றுதான் தோன்றும். ஆனால் ஐந்து இணைப்பிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து அது பத்து நூல் ஆகிவிட்டது, ஒண்ணேகால் அங்குலம்! அடுத்த வரிசையோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன்.

துணியெல்லாம் நம் வீட்டுத் துணிதான். நீ ஐந்தாம் வகுப்பில் விடாமல் போட்டுத் திரிந்த அந்தப் பச்சைக் கவுன் இருக்கிறது, என் பழைய காட்டன் புடவைகள் இரண்டு இருக்கின்றன. அப்புறம் அப்பாவின் நீலச் சட்டை. கழுத்து நைந்து போயும் தர மனசில்லாமல் வைத்திருந்தார், பாப்பாவுக்கு என்றதும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். பாக்கெட்டைப் பிரித்து எடுத்தேன். சட்டை முழுக்க வெளுத்துப் போயிருக்க, பாக்கெட் மூடியிருந்த இடம் மட்டும் வாங்கின அன்றைய நீலத்தில் அப்படியே இருந்தது. ஓரத்தில் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தக் கருநீலத் திட்டு நடுவில் வரும்படி ஒரு சதுரம் வெட்டினேன். இரண்டாவது வரிசையில் மூன்றாவது, தடவிப் பார்.

கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சதுரங்கள் எதற்கு என்று கேட்பாய். பிறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டருக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். இளம் நிறங்களைவிடக் கறுப்பும் வெள்ளையும்தான் அதன் கண்ணை இழுத்துப் பிடிக்கும். குப்புறப் போடும்போது முகம் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

நட்டநடுவில் மங்கலான மஞ்சள் பூப்போட்ட இரண்டு சதுரங்கள் வரும். அவற்றைப் பற்றித்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நீ பிறந்தபோது பாட்டி உனக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார்கள், முழுக்கக் கையாலேயே. அரிசி மணி அளவுக்கு ஒவ்வொரு தையலும். அழுக்காகிவிடுமே, கறை பட்டுவிடுமே என்று அதை மடித்துப் பீரோவில் வைத்தேன். பாட்டி வரும்போதெல்லாம், "குழந்தைக்கு விரிக்கலையா?" என்று கேட்பார்கள். "பத்திரமா வெச்சிருக்கேன்மா" என்பேன். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நீ அதில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

நீ உண்டானதாகச் சொன்ன அன்றைக்கு அதை எடுத்து விரித்தேன். மடிப்பு மடிப்பாக விட்டுப் போயிருந்தது. இத்தனை வருஷமும் ஒரே இடத்தில் மடிந்து கிடந்ததால் இழைகள் அங்கேயே முறிந்திருக்கின்றன. தூக்கினால் கோட்டுக்குக் கோடு கிழிகிறது. துவைத்துத் துவைத்து நைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மடிப்புப் படாத இடத்தில் தேறியது அந்த இரண்டு சதுரம்தான். பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்திருக்கிறேன், பிடித்துக்கொள்ளும். என் அம்மாவிடம் சொல்ல முடியாததை அந்த இரண்டு சதுரத்தைத் தைக்கும்போது சொல்லிக்கொண்டேன்.

அதனால் நீ இதை எடுத்து வைக்காதே அம்மு. தரையில் விரித்துப் போடு. கக்கட்டும், மூத்திரம் போகட்டும். முதலிலேயே எல்லாத் துணியையும் துவைத்துச் சுருக்கி, சாயம் போகிறதா என்று பார்த்துத்தான் வெட்டினேன். உள்ளே வைத்த பஞ்சு நகர்ந்து உருண்டு போகாமல் இருக்க மூன்று அங்குலத்துக்கு ஒரு வரி தையல் ஓட்டியிருக்கிறேன். குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்புப் போட்டால் போதும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிடாதே, தண்ணீர்ப் பாரம் தையலை இழுக்கும். எதன் மேலாவது பரப்பிக் காயவை. அந்துருண்டை பக்கமே போகாதே. அதில் இருக்கும் நாப்தலீன் சில குழந்தைகளுக்கு ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஒரு வயது முடிகிற வரைக்கும் பாப்பா தூங்கும்போது இதைப் போர்த்தவும் வேண்டாம், அடியில் விரிக்கவும் வேண்டாம். முகத்தில் விழுந்தால் தள்ளிவிட அதற்குத் தெரியாது, சூடும் ஏறிவிடும். தூக்கத்துக்குக் கெட்டியான சமமான மெத்தையும் இழுத்துச் செருகிய விரிப்பும் போதும். நான் தைத்தது ஆயிற்றே என்று என் மனசுக்காகப் போர்த்திவிடாதே. விழித்திருக்கும்போது நீ பக்கத்தில் இருந்தால் அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடக்கட்டும். பட்டன், மணி, ரிப்பன் எதுவும் வைக்கவில்லை. நூலோட்டும்போது குத்திய குண்டூசி 40, எடுத்ததும் 40. இரண்டு தடவை எண்ணிவிட்டுத் துணி முழுக்க உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். அப்பாவையும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

பார்சலில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். மிச்சம் வந்த நாலு சதுரமும், அதே வெள்ளை நூலும், ஊசியும் அதில் வைத்திருக்கிறேன். பாப்பா தவழ ஆரம்பித்தால் முட்டி உரசுகிற இடம்தான் முதலில் தேயும். அப்போது மேலே ஒரு சதுரத்தை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தை. தையல் கோணலாக வந்தால் பிரிக்காதே, அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளையையும் நாலு தையல் போடச் சொல்.

அன்புடன்,
அம்மா