பி பக்கத்தின் மூணாவது பாட்டு

அன்புள்ள அக்கா,

நீங்க அனுப்பின வொய்ஸை மூணு தரம் கேட்டன். முதல் தரம் பஸ்ஸுக்குள்ள. கொண்டக்டர் போட்ட சத்தத்தில பாதி விளங்கல்ல. ரெண்டாந்தரம் வீட்டில, கதவைச் சாத்திட்டு. மூணாந்தரம் கேட்டது நீங்க சொன்ன விஷயத்துக்காக இல்ல, உங்களுக்குப் பின்னால கூவின சேவலுக்காக. உங்கட வளவில இன்னும் கோழி வளர்க்கிறீங்க எண்டு தெரிய ஏனோ ஒரு நிம்மதி.

"அப்பாட ஆண்டுத் திவசத்தண்டு அவர்ட பாட்டுகளைக் கசெட்டில வாற அந்த வரிசை முறையிலேயே போட வேணும்கா. கத்தாரில இருக்கிற மகன் ஃபோனில ஏத்தித் தாறானாம். முறைதான் இஞ்ச ஒருத்தருக்கும் ஞாபகமில்ல. உங்களிட்டக் கசெட் இருக்குத்தானே?" அவ்வளவுதான் கேட்டீங்க. பதினாலு வரியில பதில் அனுப்பியிருக்கலாம். ஏன் இப்படி நாலு பேர் வாசிக்கிற இடத்தில எழுதுறன் எண்டதைக் கடைசியில சொல்றன்.

முதல்ல ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேணும். கசெட் என்னட்ட இல்ல. 2004 டிசம்பர் 26 காலையில சுனாமியில மட்டக்களப்புக் கல்லடி வீட்டு முன்னறை அலுமாரியோட அதுவும் போயிட்டு. நாங்க மாடி வீட்டுக்கு ஓடித் தப்பினம். ரெண்டு நாளைக்குப் பிறகு அலுமாரி வாவிப் பக்கம் கதவில்லாமக் கிடந்தது, உள்ளுக்கு மணல்தான். ஊரே பிள்ளைகளைத் தேடித் திரிஞ்ச நேரம், ஒரு கசெட் போயிட்டு எண்டு ஆரிட்டப் போய் அழுறது? மறுகா நீங்க கேக்கும் போதெல்லாம் "பத்திரமா இருக்குக்கா" எண்டு சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் போயிட்டு. அப்பா அறிஞ்சிருந்தாக் கோவிச்சிருக்க மாட்டார் எண்டு நினைக்கிறன். 78 சூறாவளி கூரையோட சேத்து அவர்ட றேடியோவைக் கொண்டு போனதை அவர்தானே எனக்குச் சொன்னவர்.

கசெட் இல்லாட்டியும் முறை இருக்கு. நான் முயற்சி எடுத்து ஞாபகம் வச்சதில்ல. காதுக்குள்ள அப்படிக் கிடக்கு. போன மாசம் ஓட்டோவில போகக்குள்ள டிரைவர் "காலங்களில் அவள் வசந்தம்" போட்டிருந்தார். பாட்டு முடிய முன்னமே என்ட காது அடுத்த பாட்டுக்கு ஆயத்தமாகிட்டு. வந்தது என்னவோ சோப்பு விளம்பரம். படியில்லாத இடத்தில கால் வச்ச மாதிரி இருந்திச்சு.

இதை வாசிக்கிற மத்தவங்களுக்காக, நாம சந்திச்ச கதையைச் சொல்லிட்டு வாறன். 1995 ஜனவரியில போர் நிறுத்தம் வந்த நேரம். வாவிக்குக் கிழக்கால இருக்கிற எழுவான்கரைச் சனம் மேற்கால இருக்கிற படுவான்கரைக்கும் அங்கத்தைச் சனம் டவுனுக்கும் கொஞ்சம் மூச்சு விட்டுப் போய் வந்த மூணு மாசம். நான் கல்லடியில விபுலானந்த இசை நடனக் கல்லூரியில வாய்ப்பாட்டு படிச்சுக்கிட்டிருந்தன். டவுனில ஒரு ரெக்கோடிங் பார் இருந்திச்சு. பேர் வேணாம், அந்த மனுசன் நல்லவர், கண்தான் கொஞ்சம் மங்கல். வெறுங் கசெட்டையும் பாட்டு எழுதின துண்டையும் குடுத்திட்டு வந்தா ஒரு கிழமையில பதிஞ்சு தருவார். நான் குடுத்தது ரோஜா, ஜென்டில்மேன், காதலன் பாட்டுகள். அந்த வயசில ரகுமானைத் தவிர மற்றதெல்லாம் கிழவங்கட பாட்டு.

வீட்டுக்கு வந்து போட்டாப் பழைய பாட்டுக்காரர் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடுறார்! நீங்களும் நானும் குடுத்தது ஒரே மாதிரிச் சோனி அறுபது நிமிஷக் கசெட், மாறிட்டு. அட்டையை எடுத்துப் பாத்தா ஊதாப் பேனையால உருட்டி உருட்டி எழுதின உங்கட எழுத்து, அடியில உங்கட ஊர்ப்பேர். அடுத்த நாளே கடைக்கு ஓடினன். "அந்தப் பிள்ளை பாதையால வாற பிள்ளை, எப்ப வருமோ தெரியா" எண்டார். (பாதை எண்டா ரோட்டு இல்ல. மண்முனைத் துறையில ஆக்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஒண்டா ஏத்தி வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கட ஊர்ப் பேர். 2014இல பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்திறது பெரும்பாடு.) ரெண்டு கிழமை நீங்க வரல்ல. வேற கசெட் வாங்க என்னட்டக் காசுமில்ல. கோவத்தோட கேக்கத் தொடங்கினதுதான்.

அதே ரெண்டு கிழமை உங்கட அப்பா வட்டையில (வயலில), காவல் பரணில, என்ட கசெட்டோட. மாரி வேளாண்மை குடலை தள்ளிக் கதிர் முத்தி வாற நேரம், ராக்காவல். பண்டியும் வரும், யானையும் வரும். மின்சாரம் எட்டிப் பாக்காத இடம். டோர்ச்சில இருந்த பற்றரியைக் கழட்டி றேடியோவுக்குப் போட்டு, விடிஞ்சாப் பற்றரியை வெயிலில காயவச்சு, பற்றரி மிச்சம் பிடிக்கக் கசெட்டைக் குச்சியால சுத்தி... அப்படிப் பத்திரமாக் கொண்டு போய் ஸ்ரீநிவாசுக்காக அழுத்தினா "முக்காலா முக்காபலா"! நீங்க கடையில வச்சு இதைச் சொல்லக்குள்ள நான் வெக்கத்தில தலை நிமிரல்ல. "மாத்தித் தரட்டாக்கா?" எண்டு கேட்டன். அதுக்கு நீங்க சொன்னது இன்னும் அப்படியே கேக்குது: "ஒண்ணாகா. அப்பா தரமாட்டாராம். அதைப் போட்டா யானை கிட்ட வருதில்லையாம்."

கடைக்காரர் காசு வாங்காம உங்கட பாட்டுகளை இன்னொரு கசெட்டில பதிஞ்சு தந்தார். முதற் கசெட் என்னோட நிண்டுட்டு. நானும் அதைத் திருப்பித் தர மனமில்லாமத்தான் நிண்டன். அதை நான் அப்பச் சொல்லல்ல.

மறுகா மார்ச் மாசம் உங்கட ஊருக்கு வந்தன். வீட்டில ஆளில்ல, எல்லாரும் நெல்லுச் சூடடிக்கிற களவெட்டியில. அப்பா குவிச்சு வச்ச நெற்கதிர்ச் சூட்டுக்குப் பக்கத்தில சாக்கு விரிச்சு இருந்தவர். தலை வாரின விதத்தைப் பாத்த உடனே விளங்கிட்டு, ஸ்ரீநிவாஸ் குரல் குடுத்த ஜெமினி கணேசன். "பாட்டுப் படிக்கிற பிள்ளையாமே, ஒண்டு பாடு" எண்டார். நான் கல்லூரித் திமிரில ஒரு கீர்த்தனையை எடுத்து, நிரவல் வரைக்கும் போய், தொண்டை கட்டுற அளவுக்குப் பாடினன். வைக்கோல் ஒதுக்கிக்கிட்டு நிண்டவங்கள்ளாம் கை தட்டினாங்க. அப்பா தட்டல்ல. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "நல்லாத்தான் பாடுறாய் புள்ள. நீ சபைக்குப் பாடுறாய். அந்த மனுசன் எனக்குப் பாடுறார்" எண்டார்.

எனக்கு அண்டைக்குச் சரியான கோவம். இப்ப வகுப்பில பிள்ளைகளுக்கு மைக் முன்னால பாடிக் காட்டக்குள்ள அதைத்தான் சொல்லிக் குடுக்கிறன், பேர் சொல்லாம. ஸ்ரீநிவாஸ் தொண்டையைத் தள்ளிப் பாடமாட்டார். கீழ் ஸ்தாயியில, மூச்சுச் சத்தம் கூட விழாம, மைக்கை ஒரு ஆள்ட காது எண்டு நினைச்சுப் பாடுவார். இரைச்சலான இடத்தில அது எடுபடாது. நடுச்சாமத்தில பரணில தனிய இருக்கிறவனுக்கு எடுபடும்.

என்ட அப்பா டி.எம். சௌந்தரராஜன் கட்சி எண்டது உங்களுக்குத் தெரியும். ரெண்டு அப்பாமாரும் கண்டதேயில்ல, ஆனா பாதையில நாம சண்டை காவிக்கிட்டுத் திரிஞ்சம். "உன்ட கூட்டாளிட தகப்பனுக்குச் சொல்லு, அது தூக்கம் வாற குரல்" எண்டு இவர். "ஓம், மனுசனுக்குத் தூக்கமும் வேணும்தானே. அவர்ட ஆள் கத்துறது வாவிக்கு இக்கரையில எனக்குக் கேக்குது எண்டு சொல்லு" எண்டு அவர். ஏப்ரலில சண்டை திரும்பத் தொடங்க அந்தத் தபாலும் நிண்டிட்டு. மறுகா எத்தனையோ வருஷம் நாம காகிதத்தில மட்டும்தான்.

2013 சித்திரை வருஷப் பிறப்பண்டு, ஏப்ரல் 14, ஸ்ரீநிவாஸ் சென்னையில காலமாகிட்டார். நீங்க கோல் எடுத்தீங்க. "கைவிசேஷம் வாங்கப் பிள்ளைகள் வரிசையில நிக்கிதுகள். அப்பா வெத்திலையைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே இருக்கார்" எண்டீங்க. நாப்பத்தொரு நாள் கழிச்சு, மே 25, சௌந்தரராஜனும் போயிட்டார். அண்டைக்கு என்ட அப்பா என்னட்ட நம்பர் கேட்டு உங்கட அப்பாவோட கதைச்சார். முதலும் கடைசியும். நான் பக்கத்தில நிண்டன். நெல்லு விலை கதைச்சாங்க, உரம் கதைச்சாங்க, முழங்கால் நோவு கதைச்சாங்க. பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வச்சிட்டு அப்பா, "நல்ல மனுசன்" எண்டார்.

சரி, முறை. ஏ பக்கம் "காலங்களில் அவள் வசந்தம்". அதின்ட வால் அறுந்துதான் "ரோஜா மலரே ராஜகுமாரி" தொடங்கும், கடைக்காரர் அவசரத்தில விட்ட பிழை. மகனுக்குச் சொல்லுங்க, அந்த இடத்தில இடைவெளி விட வேணாம். மூணாவது ஜானகியோட "பொன் என்பேன் சிறு பூ என்பேன்". நாலாவது ஸ்ரீநிவாஸ் இல்லாத ஒரே பாட்டு: சுசீலா தனியப் பாடின "மாலைப்பொழுதின் மயக்கத்திலே". ஏன் எண்டு கேட்டதுக்கு "அது உங்கட அம்மாட" எண்டு மட்டும் சொன்னாராம், இல்லையா? மறுகா "நிலவே என்னிடம் நெருங்காதே". அதுக்குப் பிறகு "இந்த மன்றத்தில் ஓடிவரும்". கடைசியா "மயக்கமா கலக்கமா".

பி பக்கம் "அனுபவம் புதுமை". அடுத்தது "நெஞ்சம் மறப்பதில்லை". நாலாவது "பொன்னொன்று கண்டேன்", ஸ்ரீநிவாசும் சௌந்தரராஜனும் சேந்து பாடினது. இது கசெட்டில இருக்கிறதைக் கண்டுபிடிச்ச அண்டைக்கு என்ட அப்பாக்கு வந்த சந்தோஷம்! "பாத்தியா, என்ட ஆள் இல்லாம அவர்ட ஆளால ஒண்ணாது" எண்டு ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அஞ்சாவது "யார் யார் யார் அவள் யாரோ", ஆறாவது "பார்த்தேன் சிரித்தேன்". ஏழாவது திரும்பவும் "மயக்கமா கலக்கமா".

ஒரே பாட்டு ரெண்டு தரம் இருக்கிறதைக் கடைக்காரர்ட இன்னொரு பிழை எண்டுதான் நினைச்சிருந்தன். களவெட்டியில கேட்டன். "எந்தப் பக்கம் முடிஞ்சாலும் அதோட கண்ணை மூட வேணும் புள்ள" எண்டார். காவலுக்குப் போன மனுசன் நித்திரைக்குப் பாட்டு வச்சிருக்கார்! உங்கட அம்மா அந்த இடத்திலேயே பிடிச்சிட்டாங்க, "அதுதான் போன வருஷம் பண்டி அவ்வளவையும் திண்டது" எண்டு. பி பக்கத்தில அந்தப் பாட்டு முழுசா வராது. சரணத்துக்கு நடுவில நாடா முடிஞ்சு டக்கெண்டு நிக்கும். இப்ப யூடியூபில அதை எத்தனை தரம் முழுசாக் கேட்டாலும், அந்த இடம் வரக்குள்ள எனக்கு அந்த டக் கேக்குது. மகனிட்டச் சொல்லி ரெண்டாந்தரம் வாறதை அங்கேயே வெட்டச் சொல்லுங்க. எந்தச் சொல்லில எண்டு தனிய வொய்ஸ் போடுறன்.

எண்ணிப் பாத்திருப்பீங்க. பி பக்கத்தில மூணாவதை விட்டிட்டன். மறைக்கல்ல அக்கா, வருதில்ல. "நெஞ்சம் மறப்பதில்லை" முடியும், ரெக்கோட்டில கீறல் விழுந்த சத்தம் ரெண்டு தரம் டிக் டிக் எண்டும், ஒரு பெண்குரல் சொல்லில்லாம இழுக்கும், மறுகா அவர் வருவார்... அதுக்கு மேல ஒண்டுமில்ல. அறுபதுகளின்ட ஸ்ரீநிவாஸ் பாட்டுகளை ஒரு கிழமையா வரிசையாப் போட்டுக் கேட்டன். இதுவாயிருக்கும் எண்டு தோணுது, அடுத்த நிமிஷம் இல்ல எண்டும் தோணுது. அதுதான் பொதுவில எழுதுறன். ஸ்ரீநிவாஸ் கிறுக்குப் பிடிச்ச ஆராவது பிடிச்சுச் சொல்லட்டும்.

அதுக்கு முதல் நீங்க ஒண்டு செய்யுங்க. அம்மாவிட்டப் பாட்டின்ட பேர் கேக்க வேணாம், கேட்டா யோசிச்சுக் குழம்பிடுவாங்க. பின்னேரம் அவங்க வெத்திலை இடிக்கிற நேரமாப் பாத்துப் பக்கத்தில இருந்து "நெஞ்சம் மறப்பதில்லை"யைக் கடைசி வரி வரைக்கும் மெல்லப் பாடுங்க. பாடிட்டு வாயைத் திறக்காம இருங்க. அம்மா அடுத்ததா எதை முணுமுணுக்கிறாங்க எண்டு பாருங்க. ஃபோனை மட்டும் ஓனில வச்சிருங்க.

உங்கட,
கல்லடித் தங்கச்சி