இருட்டில் உங்களுக்கு என்ன வேலை? குமரி மாவட்டக் கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துக் கண் மருத்துவர்களுக்கும், ஆபரேஷனுக்கு முன்னால் எங்களை உட்காரவைத்து லென்ஸ் விவரம் சொல்லும் கவுன்சிலர்களுக்கும் வணக்கம்.

கண்புரை ஆபரேஷனுக்கு வருகிறவரிடம் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறீர்கள். எந்த லென்ஸ் என்று முடிவாவதற்கு முன்னால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இருட்டில் உங்களுக்கு என்ன வேலை? இந்த மடல் முக்கியமாக அதற்காகத்தான்.

எனக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஆள் கிடைப்பதில்லை, நானேதான் வெட்டுகிறேன். விடியும் முன் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறோம். கத்தி பட்டைக்குள் எவ்வளவு போகிறது என்பது முக்கியம். குறைந்தால் பால் வராது. கூடினால் உள்ளே மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. இந்த வேலை செய்கிற என் இரண்டு கண்ணிலும் இப்போது மல்டிஃபோகல் லென்ஸ், அதாவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ், இருக்கிறது.

அதன் நன்மையை மறைக்கக் கூடாது. பகலில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறேன், பஸ் போர்டு தெரிகிறது, செல்போனில் வருகிற மெசேஜைத் தடுமாறாமல் படிக்கிறேன். நாற்பது வயது தாண்டியதிலிருந்து சட்டைப்பையில் கண்ணாடியோடு அலைந்தவனுக்கு இது பெரிய விடுதலை.

பொழுது சாய்ந்தால் கதை வேறு. எதிரே வருகிற ஒவ்வொரு ஹெட்லைட்டைச் சுற்றியும் வட்டம் வட்டமாக ஒளி நிற்கிறது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றி வருகிற டாரஸ் லாரி ஒன்று திரும்பினால், அந்த வட்டத்துக்குள் சாலை ஓரமும் நடந்து போகிற ஆளும் காணாமல் போகிறார்கள். தோட்டத்திலோ நெற்றி லைட்டின் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் வெட்டிய பட்டைக்கும் வெட்டாத பட்டைக்கும் உள்ள நிற வித்தியாசம் மங்கிப்போகிறது.

இதன் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற யாராவது இதைப் படிக்கலாம். மோனோஃபோகல் லென்ஸ் வருகிற வெளிச்சம் முழுவதையும் ஒரே தூரத்துக்குக் குவிக்கிறது. மல்டிஃபோகல், பெரும்பாலும் அதன் பரப்பில் இருக்கிற நுண்ணிய வளையங்களால், அதைப் பங்கு போடுகிறது. இரண்டு தூரத்துக்குச் சமமாகப் பிரிக்கிற வழக்கமான வகையில் ஏறக்குறைய 41 சதவீதம் தூரப் பார்வைக்கு, இன்னொரு 41 சதவீதம் கிட்டப் பார்வைக்கு. மிச்சம் எதற்கும் உதவாமல் சிதறுகிறது. தூரத்து விளக்கு தெளிவாக விழும்போது, கிட்டத்துக்கான பங்கு அதே விளக்கை மங்கலாக விரித்து மேலே போர்த்துகிறது. அதுதான் அந்த வட்டம். ஆபரேஷனில் கோளாறு ஏதும் இல்லாவிட்டாலும் அது வரும், லென்ஸின் இயல்பே அப்படி. அப்படியானால் முன்கூட்டியே சொல்லக்கூடிய விஷயம்தானே? என்னிடம் சொன்னது "இனி கண்ணாடியே வேண்டாம் ஐயா" என்பது மட்டும்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு போய்ச் சொன்னால், சார்ட்டைக் காட்டி "6/6 வந்துவிட்டதே, பிறகென்ன?" என்கிறீர்கள். அந்த சார்ட் நல்ல வெளிச்சத்தில் வெள்ளை மேல் கறுப்பு எழுத்து. என் குறை இருட்டில், சாம்பல் மேல் சாம்பலாகத் தெரிவதில் இருக்கிறது. அதை அந்த சார்ட் அளக்காது. கான்ட்ராஸ்ட், அதாவது நிற வித்தியாசம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற சார்ட் தனியாக உண்டு. குறை சொல்லி வருகிறவருக்காவது அதை எடுத்து வைத்துப் பாருங்கள்.

அப்புறம், "மூளை பழகிவிடும்" என்ற பதில். அது பொய்யில்லை. பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் தொந்தரவு குறைகிறது, சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகிறது. எனக்கும் முதலில் இருந்த திகைப்பு இப்போது இல்லை. ஆனால் பழகட்டும் என்று அனுப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணில் மிச்சப் பவர் அரை டயாப்டர் (0.5) நின்றால்கூட இந்த லென்ஸ்காரர்களுக்குப் பார்வை கலங்கும். கண் உலர்ந்திருந்தால் கலங்கும். விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கம் இருந்தாலும், லென்ஸ் நடுவிலிருந்து விலகியிருந்தாலும் அப்படித்தான். லென்ஸுக்குப் பின்னாலுள்ள பையில் மங்கல் படர்ந்திருந்தால் யாக் லேசரில் சரியாகும். ஆனால் அந்த லேசர் பையில் துளை போடுகிறது. அதன் பிறகு லென்ஸை மாற்றுவது கடினமான, ஆபத்து கூடிய வேலை. எனவே ஆரம்பத்திலிருந்தே வட்டம் தெரிகிறது என்று அழுகிறவருக்கு அவசரப்பட்டு லேசர் அடித்துவிடாதீர்கள். லென்ஸே ஒத்துக்கொள்ளவில்லையா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

எனக்கு வேறொரு டாக்டர் பொறுமையாகப் பார்த்ததில் கொஞ்சம் சிலிண்டர் பவர் மிச்சம் இருந்தது தெரிந்தது. ராத்திரிக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். விளக்கிலிருந்து நீண்ட கீற்றுகள் குறைந்தன, வட்டம் இருக்கிறது. கண்மணியைச் சற்றுச் சுருக்கும் சொட்டு மருந்து சிலருக்கு உதவும் என்றார். எனக்கு அது தேவைப்படவில்லை. நெற்றி லைட்டை அகலமாக வெளிச்சம் விழுகிற வகையாக மாற்றினேன். வெட்டுக்கு இறங்குவதையும் கிழக்கு வெளுக்கும் நேரத்துக்குத் தள்ளினேன். பால் கொஞ்சம் குறைகிறது, சரி, மரம் கெடவில்லை. இருட்டிய பிறகு பைக் எடுப்பதில்லை.

தோட்டம் என்னுடையது என்பதால் நேரத்தை என்னால் மாற்ற முடிந்தது. கூலிக்கு வெட்டுகிறவர் என்ன செய்வார்? தூத்தூரிலும் வள்ளவிளையிலும் இருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர் ராத்திரியில் அடுத்த போட்டின் விளக்கைப் பார்த்துத் தூரம் கணிக்க வேண்டும். தோவாளைக்குப் பூ ஏற்றி வருகிற டிரைவரும் களியக்காவிளை வழியாக ராத்திரி வண்டி ஓட்டுகிறவரும் ஹெட்லைட்டுக்கு நடுவிலேயே பிழைக்கிறார்கள். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயோ சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்போ இருப்பவருக்கு ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் குறைந்திருக்கும். இந்த லென்ஸ் அதை இன்னும் குறைக்கும்.

விலைப்பட்டியலில் மோனோஃபோகலை அடியில் போட்டு, மல்டிஃபோகலை "பிரீமியம்" என்று உச்சியில் போடுகிறீர்கள். பார்க்கிறவர் அதைத் தரவரிசை என்றே எடுத்துக்கொள்கிறார். அப்பாவுக்கு நல்லதாக வைக்க வேண்டும் என்று வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிற மகனும் அப்படித்தான் நினைக்கிறான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் மோனோஃபோகல் வைத்துக்கொண்டு, வாசிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர் ராத்திரிச் சாலையில் என்னைவிடத் தெளிவாகப் பார்க்க வாய்ப்பு அதிகம். ராத்திரி வேலைக்காரருக்கு இதுதான் பொருத்தம் என்று நீங்கள் வாய் திறந்து சொன்னால், கூடுதல் பணம் கட்டத் தயாராக வந்தவரும் கேட்பார்.

ஒளிவட்டம் எப்படித் தெரியும் என்று காட்டும் படத்தைக் கவுன்சிலர் மேசையில் வையுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் கொடுத்து, ராத்திரிப் பார்வை பற்றிய வரியை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். மல்டிஃபோகல்தான் என்று முடிவானால், ஒரு கண்ணை முடித்து, அவர் சில வாரம் ராத்திரி வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகு மறு கண்ணுக்குத் தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயி ஒருவர்