டார்க் தீமின் குறைகளைக் கண்டு சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடுக்கான எங்கள் டார்க் தீமின் (கருமையான பின்னணி கொண்ட நிற அமைப்பின்) புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது. யார் சொன்னதால் எது மாறியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நன்றி முழுமையாகும்.

முதல் நன்றி, கமென்ட் வரிகளை (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகளை) செலக்ட் செய்து பார்த்தவருக்கு. பின்னணி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 32, 32, 32. கமென்ட்டின் பழைய சாம்பல் 144, 144, 144. கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம், 5.1. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5தான். ஆனால் செலக்ஷனின் நீலம் (38, 72, 120) அடியில் வந்ததும் அதே எழுத்து 2.9-க்கு இறங்கிவிடும். காப்பி செய்ய இழுத்த வரி இழுத்த கையோடு மங்கிப்போகும். செலக்ட் ஆன எழுத்துக்குத் தனி நிறம் தரும் அமைப்பு ஹை கான்ட்ராஸ்ட் தீம்களுக்கானது, இங்கே கைகொடுக்காது. அதனால் இரண்டையும் மாற்றினோம்: கமென்ட் 168, 168, 168, செலக்ஷன் 32, 56, 80. இப்போது பின்னணியில் 6.8-க்கு மேல், செலக்ஷனுக்குள் 5-க்கு மேல். தீம் செய்யும் யாரும் நிறத்தைப் பின்னணியோடு மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். செலக்ஷன், தேடல் முடிவு, நடப்பு வரி என எல்லாவற்றின் மேலும் வைத்து அளக்க வேண்டும்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நண்பர்கள் டிஃப் திரையை (கோப்பின் இரு பதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் திரையை) படம்பிடித்து அனுப்பினார்கள். சேர்த்த வரி எது, நீக்கிய வரி எது என்றே தெரியவில்லை என்றார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் மசதகா ஒகாபே, கெய் இத்தோ வகுத்த நிறத்தொகுப்பிலிருந்து வான்நீலம் (86, 180, 233), ஆரஞ்சு (230, 159, 0) இரண்டையும் எடுத்தோம். கோப்புப் பெயர்களை இந்த நிறங்களில் காட்டும்போது இரண்டின் கான்ட்ராஸ்ட்டும் 7-க்குச் சற்று மேல் வருகிறது. வரிப் பின்னணியில் அவற்றை ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகத்தான் பூச வேண்டும். அடர்த்தியாகப் பூசினால் செலக்ஷன் மறைந்துவிடும். கூட்டல், கழித்தல் குறிகளையும் அணைத்துவிடாதீர்கள். நிறம் கைவிட்டாலும் அவை நிற்கும்.

சுத்தக் கருப்பில் சுத்த வெள்ளை வேண்டாம் என்று வாதாடிய ஆஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) உள்ள நண்பருக்குத் தனி நன்றி. அதன் கான்ட்ராஸ்ட்டான 21 எண்ணில் உச்சம்தான். ஆனால் அவர் கண்ணுக்கு எழுத்தின் ஓரம் கசிந்து பரவுகிறது. எங்கள் பின்னணியில் எழுத்து 212, 212, 212 ஆனபின் கான்ட்ராஸ்ட் 11. அதுவே தாராளம்.

தமிழில் கமென்ட் எழுதுபவர்கள் சாய்வெழுத்தை நீக்கச் சொன்னது மிகச் சரி. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. எடிட்டர் நேரெழுத்தையே வலிந்து சாய்ப்பதால் கொம்பும் சுழியும் பக்கத்து எழுத்தில் இடிக்கின்றன.

டெர்மினலில் (எடிட்டருக்குள் கட்டளைகளை டைப் செய்யும் பகுதியில்) நீலம் நாங்கள் கொடுத்தபடி வரவில்லை என்று கண்டவருக்கும் நன்றி. குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் இயல்பாகவே 4.5 என்றிருப்பதால், கருமையான நீலத்தை டெர்மினல் தானே வெளுப்பாக்கிவிடுகிறது. இப்போது நீலத்தையே 4.5-க்கு மேல் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
தீம் பராமரிப்புக் குழு